மருந்தில்லாத நாற்பது தோட்டாக்கள்

சாலிஸ், ஐடஹோ
1987 செப்டம்பர் 14

மெரிட்டுக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன். ஊரைவிட்டுப் போன ஐந்து மாதத்தில் இரண்டே தபாலட்டை போட்ட புருஷனைப் பற்றி வேறென்ன நினைப்பது?

செவ்வாய்க்கிழமை காலை கோழிக்கூட்டுக்குக் கரடி வந்தது. உன் ரைபிளை எடுத்தேன். பக்கத்துப் பண்ணை கன்னர் கொடுத்திருந்த கடைத்தோட்டா மூன்றைப் போட்டு, அதற்கு மேல் உன் மேசை டப்பாவிலிருந்து ஒன்றைப் போட்டேன், நீ ஈயம் உருக்கி வார்த்துச் செய்தது. கடைசியில் போட்டதுதானே முதலில் போகும். சுட்டேன். 'டிக்' என்றது. தோளில் இடிக்கவே இல்லை. கரடி திரும்பி என்னைப் பார்த்தது. லீவரை இழுத்து அடுத்ததை ஏற்றிவிட்டேன். அதற்குள் கன்னர் வேலி தாண்டி ஓடிவந்து, "சுடாத ஐடெல்லா! விரல எடு!" என்று கத்தினார்.

உன் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. "இன்னொரு தடவ அழுத்தியிருந்தா குழல் வெடிச்சு, உனக்கு மூஞ்சியே இருந்திருக்காது" என்றார். கரடி ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு நிதானமாகப் போயிற்று.

மீதி முப்பத்தொன்பதையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்றிலும் வெடிமருந்து இல்லை; அடியிலிருந்த பொறி மட்டும்தான் அந்தக் குண்டைக் குழல்வரை தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு சிட்டிகையையும் இரண்டு தடவை நிறுக்கிற ஆள் நீ. ஒன்று தவறலாம். நாற்பதுமா? கன்னர் என் முகத்தைப் பார்க்காமல், "அவனுக்கு உம்மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டார். பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

ஐடெல்லா


எல்கோ, நெவாடா
செப்டம்பர் 22

அன்புள்ள ஐடெல்லா,

உனக்கு அடி ஏதும் படவில்லையே? கை, கண் எல்லாம் சரியாக இருக்கிறதா? அதை முதலில் எழுது.

ஏதோ கவனப்பிசகு. அந்தத் தோட்டாக்களைத் தூக்கிப் போடு. மேசைப் பக்கம் போகாதே. தேவையென்றால் கடையில் வாங்கிக்கொள். இங்கே சுரங்கத்தில் வேலை பரவாயில்லை. நாள் முழுக்கத் தங்கம் தோண்டுகிறோம், ஒரு பொட்டுகூடக் கண்ணில் படுவதில்லை. குதிரைக்குக் குளம்பு வெட்டினாயா?

மெரிட்


சாலிஸ்
அக்டோபர் 1

மெரிட்,

குளம்பு வெட்டியாயிற்று.

நீ போகாதே என்ற மேசைக்குப் போனேன். டயர்க்கடையில் சக்கரத்தில் மாட்டுகிற பழைய ஈயக்கட்டி வாங்கி, உன் சட்டியில் உருக்கினேன். மெழுகு போட்டு அழுக்கை வழித்தேன். முதல் இருபது குண்டும் சுருங்கிப்போய் வந்தன. அச்சு சூடாகவில்லை என்று பிறகுதான் புரிந்தது. மருந்தளவு பார்க்க உன் நோட்டைத் திறந்தேன்.

'பிப்ரவரி 9. நாற்பது. மருந்து இல்லாமல்.' உன் அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு.

இதுவா கவனப்பிசகு? பனியில் லாரி வழுக்கி உன் தம்பி லைல் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது அப்போது. வண்டி ஓட்டியது நீ. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? நீ எல்கோவில் எவளையோ பிடித்துக்கொண்டாய் என்று ஊரில் பேசுகிறார்கள். அதையாவது என்னால் புரிந்துகொள்ள முடியும். இது புரியவில்லை. நான் சாகவேண்டுமென்று நினைத்தாயா?

ஐடெல்லா


எல்கோ
அக்டோபர் 9

ஐடெல்லா,

இல்லை. இல்லவே இல்லை. அது உனக்காகச் செய்ததில்லை. எனக்காகச் செய்தது.

லைல் போன அந்தக் குளிர்காலத்தில் நீ மாட்டுக்கு வைக்கோல் போடப் போனதும் நான் ரைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். நீ பால்வாளியோடு வரும் சத்தம் கேட்டதும் எடுத்துச் சுவரில் மாட்டிவிடுவேன். தினமும். ரைபிளை விற்றால் ஏனென்று கேட்பாய். சொல்ல வாய் வரவில்லை. அதனால் இருந்த தோட்டா எல்லாவற்றிலிருந்தும் மருந்தைக் கொட்டிவிட்டு, திரும்ப மூடி வைத்தேன். பார்த்தால் உனக்குத் தெரியாது. ஆனால் மருந்து டப்பா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியுமே. அதனால்தான் கிளம்பினேன். பெண் யாரும் இல்லை. இங்கே புதன்கிழமைகளில் ஒரு டாக்டரிடம் போய்ப் பேசுகிறேன்.

பதினோரு வருஷத்தில் நீ அந்த ரைபிளைத் தொட்டதே இல்லை. தொடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் உன் முகத்தைச் சிதறடிக்கப் பார்த்தேன்.

மெரிட்


சாலிஸ்
அக்டோபர் 15

மெரிட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை அழுகை வந்தது, ஒரு தடவை உன்னை அறையவேண்டும் போலிருந்தது, மூன்றாவது தடவை ஒன்றுமே தோன்றவில்லை.

எதற்குக் கோபப்படுவது என்றுகூடப் பிடிபடவில்லை. தோட்டாவுக்கா? நீ போனதற்கா? தினமும் காலையில் அதே வீட்டுக்குள் நுழைந்து, "காப்பி போட்டியா?" என்று கேட்டவள் நான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

கன்னரிடம் சொன்னேன். மன்னித்துவிடு, யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த ரைபிளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "ரைபிளும் மருந்தும் எங்கிட்ட இருக்கட்டும். நீ கெளம்பு, மாட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். வராதே என்று எழுதாதே, அது வந்து சேர்வதற்குள் நான் பாதி வழியில் இருப்பேன். உன்னைத் திரும்பக் கூட்டிவருவதற்கா, சண்டை போடுவதற்கா என்று கேட்காதே. வண்டியில் பெட்ரோல் நிரப்பியிருக்கிறேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை நீ உள்ளே போய் டாக்டரிடம் பேசு. நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் என்னிடம் எதுவும் சொல்லவேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்.

உன் ஐடெல்லா