வெள்ளை விளக்கைக் கழற்றச் சொன்னாய்

ஓசூர்
18.9.1994

அன்பு மகன் ஜமீருக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே மூன்று பேருக்கும் உடம்பு சுகம். மனசும் சுகமா என்று கேட்டால் அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை, அதனால்தான் ஏர்மெயில் தாள் போதாதென்று உன் தங்கை வஜிஹாவின் கோடு போட்ட தாளைக் கிழித்து எழுதுகிறேன். துபாயில் வெயில் தணிந்ததா, கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்று எழுதியிருந்தாயே, கால் வீக்கம் வடிந்ததா, படுக்கும்போது காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள். உன் அத்தா கருங்கல் லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவார். வஜிஹா பிளஸ் டூ வந்துவிட்டாள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயால் ஊர் சுற்றுகிறாள், மற்றபடி குறையில்லை.

உன் கடிதம் வந்தது. அந்த லைட்டைக் கழட்டிடும்மா, வீட்டுக்காரர்கிட்ட வம்பு வேண்டாம், பழைய பல்பையே போட்டுக்கோ, அவர் என்ன கேக்கறாரோ நான் அனுப்பிடறேன் என்று எழுதியிருக்கிறாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கழற்ற மாட்டேன். பணமும் அனுப்பாதே. உன் அத்தா மெட்ராஸ் பூத்திலிருந்து போன் செய்தபோது பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் பயந்த பாதி. மீதியை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் உன் புத்தியைச் சொல். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு, இன்னும் நாற்பது ஆகவில்லை, அதற்குள் நீ கிழவியை அடக்குவதுபோல் எழுதுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இந்த லைன் வீட்டை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகுதானே வந்தோம். வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் கேழ்வரகு விளைந்த நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு மிச்ச இடத்தில் எட்டு வீடுகளை ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். குடியிருப்பவர்கள் எல்லோரும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், தளி, சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கம். முன் அறைக்கும் சமையல் அறைக்கும் நடுச்சுவரின் உச்சியில் சதுரமாக ஒரு ஓட்டை விட்டு அதில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருப்பார், இரண்டு அறைக்கும் அதுதான் வெளிச்சம். அறுபது வாட் குண்டு பல்பு, இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் காட்டும், இந்தப் பக்கம் எழுத்தும் தெரியாது அந்தப் பக்கம் அரிசியில் கல்லும் தெரியாது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அது அவர் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. பில் வந்தால் பாயின்ட் கணக்கு, அதாவது வீட்டுக்கு எத்தனை விளக்கு என்று எண்ணிப் பிரித்துவிடுவார். யார் எத்தனை மணிநேரம் எரித்தார்கள், எதை எரித்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. இங்கே எல்லா லைனிலும் இதுதான் வழக்கம்.

லீவில் வந்த கௌஸ் மொய்தீன் கையில் நீ கொடுத்தனுப்பிய அந்தச் சின்னக் குழல் விளக்கு அட்டைப் பெட்டியோடு துண்டுக்குள் சுற்றி உடையாமல் வந்து சேர்ந்தது. திருகுகிற மாதிரி இருந்ததால் நம் ஹோல்டரில் நிற்கவில்லை, பாகலூர் ரோட்டுக் கடையில் கேட்டு அதற்கு ஒரு மாற்று ஹோல்டர் வாங்கி வந்து நானே நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன். போட்டதும் இரண்டு அறையும் பால் ஊற்றினதுபோல் ஆகிவிட்டது. வஜிஹா கை தட்டினாள். பழைய பல்பு எரியும்போது பக்கத்தில் கை கொண்டுபோக முடியாது, இதைத் தொட்டால் வெதுவெதுப்புதான். அப்படியானால் இத்தனை நாள் நாம் வெளிச்சத்துக்கென்று கொடுத்ததில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான் போயிருக்கிறது. லைப்ரரியிலிருந்து கொண்டுவரும் புத்தகங்களை இனிமேல் வாசல்படிக்குப் போகாமல் என் இடத்தில் உட்கார்ந்தே படிக்கலாம், யாரும் எட்டிப் பார்த்து என்னா படிக்கிறே என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. இங்கே பொழுது சாய்ந்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். சுற்றிலும் குண்டு பல்புகள் ஆரஞ்சுத் தோல் மாதிரி மங்கும்போது நம் வீட்டு விளக்கு மட்டும் வெள்ளையாக நிற்கும். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? நாம் அவர்களுடைய கரண்டை இழுக்கிறோம் என்றுதான். கடைசி வீட்டு ரங்கம்மா குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, துபாய் லைட்டும்மா அது, நம்ம ஊட்டு கரண்டயெல்லாம் உறிஞ்சிக்கினு எரியுது, நம்ம பல்பு பாரு சாவப் போற ஆள் கண்ணு மாதிரி இருக்குது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, உவமை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாதம் பில் ஏறி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் குடத்தை வைத்தால் பக்கத்தில் இருப்பவள் தன் குடத்தை நகர்த்திக்கொண்டாள். வஜிஹாவிடம் யாரோ ஒரு பிள்ளை, உங்க ஊட்ல கரண்ட் திருடறீங்களாமே என்று கேட்டிருக்கிறது. திருட்டு என்ற சொல் நம் வீட்டு வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

கிருஷ்ணப்பன் வந்தார். ஏம்மா, அந்த வெள்ளை லைட்டைக் கழட்டு, இல்லாட்டி ரெண்டு பாயின்ட் கணக்கு குடு, ரெண்டும் முடியாதுன்னா மாசக் கடைசில ஊட்டக் காலி பண்ணு என்றார். நான் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன், பதினொரு வாட் என்று போட்டிருக்கிறது, உங்கள் பல்பு அறுபது, எது அதிகம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். பொட்டில எவன் என்னா வேணா எழுதுவான், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுதே, வெளிச்சம் எவ்ளோ இருக்குதோ அவ்ளோ கரண்ட் போவும், இது தெரியாதா எனக்கு, நான் கொயந்தையா என்றார். அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என் விளக்கை மட்டும் போட்டு மீட்டரைப் பார்ப்போம், அதிகம் ஓடினால் நானே கழற்றிவிட்டு வீட்டையும் காலி செய்கிறேன் என்றேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சரி, லைனே வந்து பாக்கட்டும் என்று போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லோரும் வராந்தாவின் முன்னால் கூடிவிட்டார்கள். ஆண்கள் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். கிருஷ்ணப்பன் துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எல்லா ஊட்லயும் ஆப் பண்ணியாச்சா என்று சத்தம் போட்டார், ஆச்சு ஆச்சு என்றார்கள். நான் வஜிஹாவிடம் நம் விளக்கைப் போடச் சொன்னேன். மீட்டருக்குள் இருக்கிற தட்டில் சிவப்பாக ஒரு கோடு உண்டு, அது ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து போவது தெரியும். அது மெதுவாக ஊர்ந்து வரும் என்று காத்திருந்தேன் ஜமீர். அது பம்பரம் மாதிரிச் சுற்றியது. ஹோய் என்று ஒரே கூச்சல். கிருஷ்ணப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னாம்மா, பொட்டில என்னா எழுதியிருக்குது, படி பாக்கலாம் என்றார். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா தலையிலடித்துக்கொண்டு, இது லைட்டா இல்ல மாவு மிசினா என்றாள்.

உன் அத்தா அங்கே இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கழற்றிக் கையில் கொடுத்திருப்பார். நான் வஜிஹாவைப் பார்த்து நம் விளக்கை அணை என்றேன். அணைத்தாள். தட்டு நிற்கவில்லை. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராக மீட்டர் பக்கம் நெருங்கினார்கள். என் விளக்கு அணைந்த பிறகும் ஓடுகிறதென்றால் வேறு யார் வீட்டிலோ ஏதோ எரிகிறது, பல்பு இல்லை, அதைவிடப் பெரியது. அப்போது ரங்கம்மா முகத்தைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேடிக்கை பார்க்கிற அவசரத்தில் சுருள் அடுப்பை அணைக்க மறந்து வந்திருக்கிறாள். சிவக்கச் சிவக்கச் சூடேறுகிற கம்பிச்சுருள் அடுப்பு, லைன் வீடுகளில் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துக்கொள்வார்களே, அதுதான். அவர்களுக்கு ரேஷன் கார்டு ஜவளகிரியில் இருக்கிறது, இங்கே மண்ணெண்ணெய் கிடைக்காது, அவள் புருஷன் ஆஞ்சப்பனுக்கு வேலை போய் ஆடி மாதத்திலிருந்து வேறு வேலை தேடி வெளியே அலைகிறார். பொழுது சாய்ந்ததும் அவள் களி கிண்டுவதற்கு அதைப் போடுகிறபோதுதான் லைன் முழுக்க பல்பு மங்குகிறது. மங்கின பல்புகளுக்கு நடுவே மங்காத விளக்கு ஒன்று இருந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. வெளிச்சம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, சூட்டை யாரும் பார்ப்பதில்லை.

கிருஷ்ணப்பனுக்கும் பாதி புரிந்துவிட்டது. எவ ஊட்லடி ஓடுது, ஒவ்வொரு ஊடா பூந்து பாத்துடறேன் என்று செருப்பை மாட்டினார். ரங்கம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு விரலை நீட்டினால் போதும், என் பெயர் அந்த நிமிஷமே துலங்கிவிடும். நான் போய் லைன் நடைபாதையின் குறுக்கே நின்றேன். ஆம்பளைங்க இல்லாத வீட்டுக்குள்ள நீங்க நுழையக் கூடாது, என் வீட்டு விளக்கைப் பாக்கறதா பேச்சு, பாத்தாச்சு, என் விளக்கு இல்லன்னும் தெரிஞ்சிருச்சு, இனிமே யார் எதை எரிக்கிறாங்கன்னு தெரியணும்னா எட்டு வீட்டுக்கும் எட்டு சின்ன மீட்டர் வைங்க, அவங்கவங்க எரிச்சதுக்கு அவங்கவங்க கட்டிக்கறோம் என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. மீட்டரு உங்கப்பன் ஊட்டுதா என்றார். இல்ல, உங்களது, அதனாலதான் உங்களைக் கேக்கறேன் என்றேன். கோபத்தில் அவருக்குக் கன்னடம் வந்துவிட்டது, நான் நகரவில்லை. அந்தச் சந்தடியில் ரங்கம்மா நழுவிப் போயிருக்கிறாள், திரும்பிப் பார்த்தபோது தட்டு நின்றிருந்தது. வஜிஹா யாரும் சொல்லாமலே ஓடிப்போய் நம் விளக்கைப் போட்டாள். கெம்பம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, ஐயே, இது நவுருதா தூங்குதா என்றாள். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்த பிறகும் ஒருத்திகூட எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

மத்தியானம் ரங்கம்மா பின்வாசல் வழியாக வந்து, ஏன்கா எம்பேரச் சொல்லல என்று கேட்டாள். உன்மேல பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல, உன் வீட்டுக்குள்ள இன்னிக்கு அவன் வந்தா நாளைக்கு என் வீட்டுக்குள்ள வருவான், அதான் என்றேன். அவள் அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை. குழாயடியில சொன்னதைக் குழாயடியிலயே திருப்பிச் சொல்லு, அது போதும் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் சொன்னாள். முழுசாக இல்லை, அந்தக்கா லைட்டு மேல தப்பில்லடி என்ற அளவுக்குச் சொன்னாள். யாருடையது தப்பு என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை வீட்டுக் கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறதோ. ஆனால் என் குடத்துக்குப் பக்கத்தில் குடங்கள் வந்துவிட்டன.

கிருஷ்ணப்பன்தான் இறங்கவில்லை. மீட்டரில் தோற்றதைவிட லைன் பெண்கள் முன்னால் ஒருத்தி குறுக்கே நின்றதுதான் அவருக்கு ஆறாத விஷயம். நேற்று அவர் மனைவி மாரம்மா வந்தாள், நல்ல மனுஷி, உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீ வந்து அவர்கிட்ட தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடு, லைட்டு எரிஞ்சா எரியட்டும், ஊடும் காலி பண்ண வாணாம், ஆம்பள மனசு, ஒரு வார்த்தைல போயிடும் என்றாள். வீட்டைக் கேட்டா சாவியக் கொடுத்துர்றேன், அந்த வார்த்தையக் கேட்டா என்கிட்ட இல்லன்னு சொல்லிடுங்க என்றேன். போகும்போது திரும்பி, அந்த லைட்டு இங்க கடைல கெடைக்குமா என்று கேட்டாள்.

உன் அத்தா போன தடவை வந்தபோது, உனக்கு என்னாத்துக்கு இந்த வீம்பு, வேற வீடு தேட நானா லாரியில அலையறது என்று கத்தினார். கத்திவிட்டு, ஹோல்டர் லூசாக இருக்கிறதென்று ஏறி இறுக்கிவிட்டுத்தான் போனார். நீயும் அப்படி ஏதாவது செய். வாடகைக்கு இருப்பதால் வெளிச்சமும் வீட்டுக்காரர் பார்த்துக் கொடுக்கிற அளவுதான் என்பதை நான் ஏற்கப் போவதில்லை. குறைவாக எரிப்பவள் அதிகமாகக் கொடுக்க வேண்டும், உண்மையைக் காட்டியவள் தப்பென்று சொல்ல வேண்டும் என்றால் அப்படிப்பட்ட வீடு போனால் போகட்டும். உடுப்பும் பாத்திரமும் கட்ட அரைநாள் போதும்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பதில் கேட்க நேரில் வருவதாகக் கிருஷ்ணப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். வீணாக ஒரு நிமிஷம் எரியவிடுவதுகூட எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும், அன்றைக்கு ஒருநாள் மட்டும் கதவை விரியத் திறந்து வைத்து, பட்டப்பகலில் அதைப் போட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருப்பேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தருவானாக. வேளைக்குத் தொழு, வேளைக்குச் சாப்பிடு, காலைக் கவனி. கிருஷ்ணப்பனுக்கு நீ தனியாகக் கடிதம் கிடிதம் எழுதி என் சார்பில் எதையும் சொல்லிவிடாதே, அது ஒன்றை மட்டும் மறக்காதே.

துஆவுடன்,
உன் அம்மா
ஃபரீதா