வீட்டுக்காரம்மாவிடம் நானே பேசினேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ கண்ணும் கையும் பழுதில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன. அப்பா அவற்றைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார், பால் எடுக்கப் போனாலும் உன் பட்டறை முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது. கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண் ஒரு பழைய கதவை மரப்பெட்டிகள் மேல் போட்டு அதை வேலை மேசை என்கிறாய். அதன் மேல் சுத்தியலும் அரமும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆசிட் டப்பா, ஜன்னலோரம் கேஸ் சிலிண்டர், அதில் மாட்டிய ஊதுகுழல். கண்ணுக்குப் போட வேண்டிய கண்ணாடியை நெற்றிக்குப் போட்டுக்கொண்டு நடுவில் நின்று சிரிக்கிறாய். சித்தி பார்த்துவிட்டு, இரும்புக்கடை வைக்கவா இவ்வளவு படிச்சா என்று கேட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

சொந்தப் பட்டறையில் செய்த முதல் வேலை என்று நீ அனுப்பிய பார்சலும் வந்து சேர்ந்தது. எனக்கு வெள்ளிக் கொண்டை ஊசி, அப்பாவுக்குச் செம்பு மோதிரம். ஊசியின் தலையில் இருப்பது இலையா மீனா என்று நானும் சித்தியும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. கொண்டை போடுகிற அளவுக்கு அம்மாவுக்கு முடி எங்கே இருக்கிறது என்பதைப் போன தடவை வந்தபோது நீ கவனித்திருக்கலாம். ஆனால் வீணாக்கவில்லை, அடுப்பு பர்னரில் அடைப்பு எடுக்க அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. மோதிரத்தின் கதை வேறு. அப்பா குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. விரல் பச்சை பூத்துப் போயிற்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எம் பொண்ணு பண்ணது என்று அந்தப் பச்சை விரலை நீட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் நெஞ்சுக்குப் புது மாத்திரை கொடுத்ததில் கைகால் வீங்கி மோதிரம் இறுகிக்கொண்டது. சோப்புத் தண்ணீரும் நூலும் இருந்தால் பொறுமையாகக் கழற்றலாம், வயசெல்லாம் நர்ஸாக இருந்தவளுக்கு அது தெரியாதா? நான் கட்டரை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டிவிட்டேன். இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவகிட்ட குடுத்தா ஒட்டித் தருவாளே, அவகிட்ட குடுத்தா ஒட்டித் தருவாளே என்று குழந்தை மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கை கழுவப் போன நேரத்தில் குப்பையில் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைப்பாய். நினைத்துக்கொள். வீட்டுக்குள் கேஸ் கசிந்து தீப்பிடித்து முகம் வெந்துபோன ஒரு பெண்ணுக்கு வாரக்கணக்கில் கட்டு மாற்றியவள் நான். ஒரு கண்ணாடி குடுங்க சிஸ்டர் என்று தினமும் கேட்பாள், இந்த வார்டுல கண்ணாடியே கிடையாதும்மா என்று தினமும் பொய் சொல்வேன். இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீயோ போனில், தீயணைக்கிற கருவி வாங்கி வச்சிருக்கேன், வேலை முடிஞ்சதும் வால்வை மூடிடுறேன், நீ சும்மா பயப்படாதம்மா என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். கடைசியில், இது எனக்குப் பிடிச்ச வேலைம்மா என்றாய். பிடித்த வேலை! அடுத்தவர் புண்ணைக் கழுவுவது உனக்குப் பிடிக்குமா என்று என்னை யார் கேட்டார்கள்? அந்த வாடையோடு வீட்டுக்கு வந்துதான் உனக்குச் சோறு போட்டேன். அதனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அவசரத்துக்கு என்று நீயே எழுதிக் கொடுத்துப் போன எண்ணில் உன் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். உங்க பொண்ணு தங்கமானவங்க, எங்க கேட் தாழ்ப்பாளைக்கூட அவங்கதான் சரி பண்ணிக் குடுத்தாங்க, நகை செய்றாங்கன்னு தெரியும், கேஸ் வச்சிருக்கறது தெரியாது என்றாள். நான் ஆசிட்டையும் சேர்த்துச் சொன்னேன். வார்டில் பார்த்ததையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், நீங்க அவங்களுக்குச் சொந்த அம்மாதானே என்று கேட்டாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் கதவைத் தட்டியிருப்பாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், பயந்துபோயிருக்கிறாள்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. உன் பட்டறைச் சுவரில் அலமாரி அடித்துக் கொடுக்க வேண்டும் என்று பலகை வாங்கிவந்து, நீ சொன்ன அளவுக்கு அறுத்து, பால்கனி முழுக்க மரத்தூளாக்கி வைத்திருந்தார். அங்கே வர டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அவருக்கு வெறுத்துப்போகும்படி ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். உங்க பொண்ணுக்கே அலுத்துப்போச்சாம், எல்லாத்தையும் வித்துட்டு வந்துடறாளாம் என்றேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்றார். உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருக்காம் என்றேன். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்கே வேண்டாம்னா நாம என்ன பண்றது என்றார், அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பலகைகளிலேயே எனக்குச் செருப்பு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார். உறுதியாக இருக்கிறது. இரண்டு நாளாக நீ போன் செய்தாலும் அவர் எடுக்கவில்லை, இல்லையா? நீ கூச்சப்படுவாய் என்றுதான் எடுக்காமல் இருக்கிறார்.

சாமான்களை அங்கேயே தள்ளிவிட்டு வா, இங்கே வைக்க இடமில்லை. உன் அறையில் இப்போது துணி தேய்க்கிறேன், நீ வந்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ளலாம். சித்தி தன் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், நகத்தில் இருக்கிற கறுப்பையெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வா. அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றும். தாராளமாகச் சொல். அதிர்ச்சியான விஷயம் எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியும் சொல்லி, அவருக்கு ஏதாவது ஆனால், அது என் வாயால் ஆனதாக இருக்காது.

குறையொன்றும் இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ வரும்போது அப்பாதான் கதவைத் திறப்பார். ஏம்மா விட்டுட்ட என்று கேட்பார். பிடிக்கலப்பா என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே.

உன் நலம் தவிர வேறொன்றும் நினைக்காத
அம்மா