அடிக்கட்டைக்கு விருந்து வைத்தவன்

மார்ச் 3, செவ்வாய்

இனி இதில் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. பத்து வருடம் கழித்துப் படித்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் நோட்டின் மேல் இடது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன் (வலது கை வேலையாக இருக்கிறது): நடந்தது நடந்தபடியே வரும்.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். 29ஆம் தேதி சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வருகிறாள். வாசலில் ஏழு படி. தோட்டம் வழியாகப் பின்கதவுக்குப் போகும் பாதை ஒன்றுதான் வழி. அதன் நட்டநடுவில், போன வருடம் நான் மரத்தை வெட்டிவிட்டு, "தானா மக்கிடும்" என்று விட்டுவைத்த அடிக்கட்டை. அகலம், சும்மா சொல்லவில்லை, ஒரு பேருந்து நிலையம்.

டாக்டர் சொன்னது: "குலுங்கவே கூடாதுங்க. ஒரு தடவை தூக்கிப் போட்டாலும் மறுபடி இங்கதான் வரணும்."

"அஞ்சே நாள்ல எடுத்துடறேன்" என்றேன் அக்கா மகளிடம்.

"எந்த வருஷத்து அஞ்சு நாள், மாமா?"

மார்ச் 5, வியாழன்

கட்டையில் பதினாறு துளை போட்டேன். மெஷின் சத்தத்தில் ஏழு தெரு நாய்கள் ஊரைக் காலி செய்தன. யூரியா போட்டால் கட்டை சீக்கிரம் மக்கும் என்று யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம். துளை நிறைய யூரியா, சுற்றிலும் நாலு கைப்பிடி, மேலே இரண்டு வாளி தண்ணீர். எதிரியை விருந்துக்குக் கூப்பிட்டு ஒழிக்கும் ராஜதந்திரம்.

மார்ச் 9, திங்கள்

கட்டை அசையவில்லை. நானும்.

மார்ச் 16, திங்கள்

துளிர் விட்டிருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, காடு. நாளைக்குள் புலி வந்துவிடும்.

உரக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "செத்த கட்டைக்குத்தாங்க யூரியா. உசுரோட இருக்கறதுக்குப் போட்டா அது சாப்பாடு. முதல்ல கொல்லணும்." கொல்ல மருந்து இருக்கிறதாம். வேர்வரை சாக மூன்று மாதமாவது ஆகுமாம். எனக்கு இருப்பது பதின்மூன்று நாள்.

அக்கா மகள் கத்தவில்லை. அதுதான் உறைத்தது. "வழி ரெடியான்னு அம்மா கேட்டாங்க. ரெடின்னு சொல்லிட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

எனக்கு எதுக்கு இந்த வாய்? யாரைக் கேட்டுடா அஞ்சு நாள்னு சொன்ன?

மார்ச் 17, செவ்வாய்

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. கடப்பாரை.

மார்ச் 21, சனி

சுற்றித் தோண்டி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்ததில் வேர்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் யானைத் துதிக்கை. எண்பது வேரைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்தேன். பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அண்ணாந்து, "என்னங்க அங்க சத்தம்?" என்று கேட்டார்கள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

மார்ச் 24, செவ்வாய்

அடிவேர் மட்டும் விடவில்லை. அக்கா மகள் கார் ஜாக்கியோடு குழிக்குள் இறங்கினாள்.

"பேசாம பலகையைப் பிடிங்க மாமா."

"ஒரு யோசனை சொல்லட்டுமா..."

"யூரியாவா?"

பிடித்தேன். பலகை மேல் ஜாக்கியை வைத்து உயர்த்தினாள். கட்டை முனகிக்கொண்டு சாய்ந்தது. அடியில் ரம்பத்தைக் கொடுத்து அறுத்தேன். சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பூகம்பம். கட்டை வெளியே.

மார்ச் 25, புதன்

குழியை ஒரே மூச்சில் மூடப்போனேன். "மொத்தமா கொட்டினா மண்ணு இறங்கும். அம்மா அதுமேல போறப்பதான் இறங்கும்" என்றாள் அக்கா மகள். அரையடி மண், தண்ணீர், உலக்கை போன்ற கட்டையால் இடி. மறுபடி மண்.

மார்ச் 28, சனி

தள்ளுவண்டியில் மண் மூட்டைகளை ஏற்றி, அந்த இடத்தின் மேல் இருபது தடவை உருட்டிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். கேட்டிலிருந்து நான் தள்ளிக்கொண்டே நாய்கள், புலி, எண்பது வேர் எல்லாம் சொன்னேன்.

"புளுகு மூட்டை. பாத்துத் தள்ளுடா."

பாதி வழியில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. பின்கதவு வந்ததும் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கட்டை எங்கடா இருந்துச்சு?"

எழுதியதைத் திருத்தவேண்டும். நாய்கள் ஓடவில்லை. புலி வரவில்லை. வேர் ஒன்பதுதான். நாற்காலி அந்த இடத்தைக் கடந்தபோது குலுங்கவில்லை. அது மட்டும் நிஜம்.