பதினைந்து வாரமாகக் கழற்றிப் பார்க்காத சக்கரங்கள்

அனுப்புநர்:
ஈ. சந்திரவல்லி (வயது 46),
க/பெ. மொ. ஈஸ்வரன்,
ஜீப் செட்டுப் பின்புறம்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: எஸ்டேட் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஒன்பது ஜீப்புகளைச் சோதிக்காமலேயே சோதித்ததாகப் பதிவேடு எழுதப்பட்டது – எழுதியவள் நானே என்பது – விபத்து வண்டி வரும் வெள்ளிக்கிழமை கைமாறும் முன் அதன் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கவும், மற்ற எட்டு வண்டிகளை நிறுத்திச் சோதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோபத்தோடு எழுதுகிறேன். சொற்களில் மரியாதை குறைந்திருந்தால் அது தங்கள் மேல் உள்ள கோபம் அல்ல என்று கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் ஈஸ்வரன் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் போடிமெட்டு மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிறார். கடைசி ஒன்பது ஆண்டுகள் திரு. ஜெகதீஷ் அவர்களிடம். ஜெகதீஷுக்கு ஒன்பது ஜீப்புகள். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிச் சென்று, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது அவற்றின் சோலி. எங்கள் வீடு, அவர் வண்டிகளை நிறுத்தும் செட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது.

2. கடந்த 12.11.2025 புதன்கிழமை சாயங்காலம், என் கணவர் ஓட்டிய ஐந்தாம் எண் வண்டி பதினோரு பெண்களுடன் இறங்கி வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. மிதி தரையோடு போய்விட்டது. கியரைக் குறைத்தும், கைபிரேக்கை இழுத்தும் நிற்காததால், பள்ளத்தை விட்டு மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதி நிறுத்தினார். அவருக்கு விலா எலும்பு மூன்று முறிந்தது. முன்னிருக்கையில் இருந்த கருப்பம்மாள் என்பவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

3. மருத்துவமனையில் கருப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன் வீட்டுக்காரரு மலைப்பக்கம் திருப்பாட்டி பதினோரு பேரும் சேந்தாப்புல பள்ளத்துல கெடந்திருப்போம் ஆத்தா. எமலோகத்துலயும் சீட்டுக்குச் சண்டை போட்டிருப்போம்." கால் போனவர் சிரிக்கிறார். கால் போகக் காரணமானவர் சொன்னதைக் கேளுங்கள். ஜெகதீஷ் வந்து, "ஆயுத பூசைக்கு அந்த வண்டிக்குச் சரியா பூசணிக்கா சுத்தலை. எல்லாம் கண்ணேறு" என்றார். ஐயா, நான் சாமி கும்பிடுகிறவள். நாள் தவறாமல் நூற்றெட்டு முறை முருகன் பெயரை நோட்டில் எழுதுகிறவள். ஆகவே சொல்கிறேன்: பூசணிக்காய்க்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது. சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

4. மெக்கானிக் ஒருவர் இருந்தார். பெயர் காசிமாயன். வேலையாட்களுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு ஜாக்கியும் சாமான் பெட்டியுமாகச் செட்டுக்கே வந்துவிடுவார். ஒவ்வொரு வண்டியாகத் தூக்கி, சக்கரம் கழற்றி, பிரேக் லைனிங், ஆயில் கசிவு, ஸ்டியரிங் ஆட்டம், விளக்கு எல்லாம் பார்ப்பார். முடிய இருட்டிவிடும். கெட்டுப்போன பின்பு பார்ப்பது அல்ல, கெடும் முன்பே பார்ப்பது. தகுதிச்சான்றுக்கு வண்டி போவது ஆண்டுக்கு ஒரு நாள். மலை ஏறுவது தினமும். நடுவில் இருக்கும் நாட்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் காவல்.

5. அவர் பார்த்ததை எழுதுவதற்கு ஒரு பதிவேடு உண்டு. "கை பூரா கிரீசு மதினி, நீங்க எழுதுங்க" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கத்துவார், நான் எழுதுவேன். "மூணாம் நம்பர், பின் லைனிங் தேஞ்சிருச்சு, மாத்தணும்!" என்பார்; அப்படியே எழுதுவேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிறகு என் மகளின் பாடப் புத்தகங்களை வைத்து நானே படித்தேன். என் எழுத்தை ஒரு பதிவேட்டில் பார்ப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

6. ஆகஸ்டு மாதம் முதல் ஞாயிறன்று செட்டு மேனேஜர் சின்னச்சாமி பதிவேட்டை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். "காசிமாயன் இனிமே சனிக்கிழமை சாயங்காலமே பாத்துட்டுப் போயிருவாரு மதினி. எல்லாம் நல்லாத்தான் இருக்காம். நீங்க 'சரி'ன்னு போட்டுருங்க. உங்க எழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் நான் கோயில் கூட்டிப் பெருக்கப் போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியும். நம்பி எழுதினேன். ஒரு முழு நாள் பிடிக்கும் வேலை ஒரு சாயங்காலத்தில் எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை. பதினைந்து வாரம், ஒன்பது வண்டி: நூற்று முப்பத்தைந்து முறை 'சரி' என்று எழுதியிருக்கிறேன். முருகன் பெயர் எழுதும் அதே பேனாவால்.

7. இதைவிடக் கொடுமையானதை இனிமேல்தான் எழுதப் போகிறேன். அக்டோபர் கடைசியில் என் கணவர், "ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிரேக்கு பிடிக்குது" என்று சின்னச்சாமியிடம் சொல்லியிருக்கிறார். "சீசன் முடியட்டும்ணே. வண்டிய நிறுத்துனா ஆளை யாரு ஏத்துறது? பயமா இருந்தா டவுனுக்குள்ள ஆட்டோ ஓட்டப் போங்க" என்பது கிடைத்த பதில். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா ஐயா? "காசிமாயன் தம்பி பாத்திருக்கு. நான்தானே எழுதுனேன், சரின்னு. சும்மா மனசைப் போட்டு ஒழப்பாதீங்க" என்றேன். என் பேச்சை நம்பி மறுநாள் வண்டி எடுத்தார்.

8. விபத்துக்கு மறுநாள் காசிமாயன் மருத்துவமனைக்கு வந்தார். "நீ பாத்த வண்டிதானே தம்பி, இப்படிப் பண்ணிட்டியே" என்று எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினேன். அவர் திகைத்துப் போய், "நான் செட்டுப் பக்கம் வந்தே மூணு மாசத்துக்கு மேல ஆச்சே மதினி. ஆடியிலேயே வர வேண்டாம்னுட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

9. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றே வீட்டுக்கு வந்து என் வரவுசெலவு நோட்டைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமாயனுக்கு டீ போடுவதற்காகக் கால் லிட்டர் பால் கூடுதலாக வாங்குவது வழக்கம். 27.07.2025 வரை ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கால் லிட்டர் இருக்கிறது. 03.08.2025 முதல் இல்லை. அதையும் நானே எழுதியிருக்கிறேன். ஒரு நோட்டில் அவர் வரவில்லை என்று எழுதி, இன்னொன்றில் அதே ஞாயிற்றுத் தேதி போட்டு அவர் பார்த்தார் என்று எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு பெண்ணின் கால் போக வேண்டியிருந்தது.

10. இப்போது என் கணவர் மேல் கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு. ஓட்டுநர் உரிமம் பறிமுதல். வண்டியின் முன்பக்கம் நொறுங்கிவிட்டதால் பிரேக்கின் நிலை தெரியவில்லை என்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப, "வண்டி வாராவாரம் சோதிக்கப்பட்டது" என்று பதிவேட்டின் நகலை ஜெகதீஷ் கொடுத்திருக்கிறார். என் கணவரைக் குற்றவாளி ஆக்கும் தாள் என் எழுத்தில் இருக்கிறது. ஆனால் பின்சக்கரங்கள் நொறுங்கவில்லை ஐயா. அவற்றை இன்னும் யாரும் கழற்றவில்லை. லைனிங் எத்தனை மாதமாகத் தேய்ந்தது என்பதை அந்தச் சக்கரங்கள் சொல்லும். வரும் வெள்ளிக்கிழமை வண்டி காவல் நிலையத்திலிருந்து உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட இருக்கிறது. பழைய இரும்புக்காரர் இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

11. நான் மனு எழுதப் போவது தெரிந்து சின்னச்சாமி நேற்று வந்தார். "எழுதுனது நீங்கதான மதினி? கிண்டுனா மாட்டுறதும் நீங்கதான். பேசாம இருந்தா அண்ணே கேஸை மொதலாளி பாத்துக்குவாரு" என்றார். யோசித்துப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தால் மற்ற எட்டு வண்டிகளையும் யார் பார்த்துக்கொள்வார்? இன்று காலையும் அவை ஏறின. மலையடிவாரத்தில் முந்தலில் நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, நூறு பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எட்டு வண்டிக்கும் நான்தான் 'சரி' போட்டிருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை:

அ) வெள்ளிக்கிழமைக்கு முன்பு, ஐந்தாம் எண் வண்டியின் பின்சக்கரங்களைத் தகுந்த அலுவலர் முன்னிலையில் கழற்றிப் பார்க்க வேண்டும். காசிமாயனையும் என்னையும் விசாரித்து, எங்கள் வாக்குமூலத்தை என் கணவர் வழக்கில் சேர்க்க வேண்டும்.

ஆ) மற்ற எட்டு ஜீப்புகளையும் செட்டிலேயே தூக்கி நிறுத்திச் சோதிக்கும் வரை ஒரு பெண்ணைக்கூட அவற்றில் ஏற்றக் கூடாது. அதுவரை தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் கூலி கெடாதபடி மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இ) மலை ஏறும் ஒவ்வொரு கூலி ஜீப்பையும் வாரம் ஒருமுறை அது நிற்கும் இடத்திலேயே மெக்கானிக் சோதிக்க வேண்டும். சோதித்தவர் கிரீஸ் கையோடாவது அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வண்டியின் ஓட்டுநரும் கூடவே போட வேண்டும். என்னைப் போல் எழுத்து அழகாக இருப்பவர்களிடம் கொடுக்கக் கூடாது.

ஈ) பொய்யான பதிவேடு எழுதியதற்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ அதைத் தர வேண்டும். மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. அதைக் கருப்பம்மாளிடம் கேட்டாகிவிட்டது.

என் பால் கணக்கு நோட்டை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் உள்ள எழுத்தையும், இந்த மனுவையும், ஜெகதீஷ் கொடுத்திருக்கும் பதிவேட்டின் நகலையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கை. சந்தேகம் இருந்தால் தங்கள் முன்னிலையில் எழுதிக் காட்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் நேற்றும் பதிவேடு வாசலுக்கு வந்தது. இரண்டு முறையும் நான் பேனாவைத் தொடவில்லை.

அந்தப் பதிவேட்டை எழுதிய அதே கையால்,
ஈ. சந்திரவல்லி

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 24.11.2025, திங்கட்கிழமை

இணைப்பு: வீட்டு வரவுசெலவு நோட்டு ஒன்று (ஜூன் முதல் நவம்பர் வரை). பார்த்தபின் திருப்பித் தந்தால் போதும், அவசரம் இல்லை. சக்கரங்களுக்குத்தான் அவசரம்.