சிவக்காத கை

மே 7
கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். ஆபீஸ் கடிதத்தில் தேதிக்குப் பதில் மாப்பிள்ளை பெயரை, ‘ஷும்பெய்’ என்று அடித்துவைத்திருக்கிறேன். மானம் போயிற்று.

கவலை ஒன்றே ஒன்று. கல்யாணச் சடங்காக, கோவிலில் நாங்கள் இருவரும் ஒன்பது மடக்கு அரிசி மது குடிக்க வேண்டும். உறவினர் கிண்ணங்களிலும் ஊற்றுவார்கள். தாத்தா குடித்தே போனார். அப்பா நிறுத்தி ஆறு வருஷம். கோவில் வாசலிலேயே நிற்கிறேன் என்கிறார். நான் இதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. தொட்டால்? அதே ரத்தம்தானே.

மே 9
ஆபீஸ் நர்ஸ் நிஷிவாகி அக்காவிடம் கொட்டிவிட்டேன். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை என் கையில் வைத்து பிளாஸ்திரி போட்டார். “ஏழு நிமிஷம். சிவந்தா மது உனக்கு ஒத்துக்காது, உங்கம்மா மாதிரி. அப்படிப்பட்டவங்க குடிக்கு அடிமையாகறது அபூர்வம். வெள்ளையாவே இருந்தா உங்கப்பா உடம்பு.”

அக்காவை யாரோ கூப்பிட, நானே பிரித்தேன். தக்காளிச் சிவப்பு! நான் அம்மா பெண். சுழல் நாற்காலியில் நாலு சுற்று சுற்றினேன்.

மே 10
ஷும்பெய் கையைப் பார்த்தான். “பஞ்சு வட்டம்தானே மினோரி? இது சதுரமா சிவந்திருக்கே.”
அவனுக்குப் பொறாமை.

மே 12
கை அரிக்கிறது. பிளாஸ்திரிப் பசைதான் ஒத்துக்கொள்ளவில்லையாம், அந்தச் சிவப்பும் அதனாலாம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்து காகித டேப் ஒட்டினார். ஏழு நிமிஷம். பதினைந்து நிமிஷம். பால் வெள்ளை.

கழிப்பறையில் போய் அழுதேன். அக்கா வெளியே நின்று, “மதுவுக்கு உன் உடம்புல பூட்டு இல்லை, அவ்வளவுதான். பூட்டு இல்லாத கதவுன்னா உள்ளே போயே ஆகணுமாடி?” என்றார்.

மே 14
இந்தக் கல்யாணம் வேண்டுமா, யோசித்துக்கொள் என்று ஷும்பெய்யிடம் சொன்னேன். நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே கையை நீட்டினான். “எனக்கும் ஒட்டு.” அவனும் வெள்ளை. “போச்சு. பிள்ளைங்களுக்கும் இதேதான். கல்யாணத்தன்னிலேருந்தே மதுவை நிறுத்திடுவோம்” என்றான். நான் ஆரம்பிக்கவே இல்லையே, எதை நிறுத்துவது? சிரித்துச் சிரித்து வயிறு வலி.

மே 15
கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றலாமா என்று கோவிலில் கேட்டோம். “நிறைய பேர் கேக்கறாங்கம்மா” என்றார் பூசாரி. உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று இருந்தேனே.

மே 18
அப்பாவுக்குப் போன். கை வெள்ளை, கிண்ணத்தில் தண்ணீர்தான் என்று சொன்னேன்.
“நான் குடுத்த சொத்து இதுதான், மன்னிச்சுடும்மா.”
“மூக்கும் நீங்க குடுத்ததுதான். அதை என்ன செய்ய?”
 கல்யாணத்துக்குப் போட்டுக்க, கோட்டை சலவைக்குப் போடணும் என்றார்.

ஜூன் 2
ஒன்பது மடக்கும் தண்ணீர். உறவினர் வரிசையில் அப்பா, உள்ளேயே. கிண்ணத்தை முதலில் முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஊற்றிய பெண்ணிடம் மெதுவாக, “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா” என்றார்.