படுத்திருப்பவரிடம் சொல்லக் கூடாது

மார்ச் 4

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் கேட்டால் "ம்" என்பாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது பார்.

உன் அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. படுத்துக்கொண்டே செய்கிற வேலை. "இந்த மனுஷன் படுத்துக் கெடக்கத்தான் லாயக்கு" என்று உன் அம்மா சொல்வாளே, அவள் வாக்கு பலித்துவிட்டது. பார்க்கத்தான் அவள் இல்லை.

டயர் கடையை மூடியதிலிருந்து வீட்டில் சுவரையும் என்னையும் தவிர ஆள் இல்லை. போன வாரம் கடை இருந்த தெருப்பக்கம் சும்மா போனேன். எதிர்க் கட்டட மாடியில் ஸ்கேன் மெஷின் விற்கிற கம்பெனி ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. கீழே அவர்கள் வேன் பஞ்சராகி நின்றது. கை சும்மா இருக்குமா? சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். குறிப்பாக நடுவில்.

"ஐயா, இன்னிக்கு வர வேண்டியவர் வரல. பசங்க ஸ்கேன் எடுத்துப் பழகணும். கொஞ்ச நேரம் வந்து படுக்கிறீங்களா?"

"கிட்னிய எடுத்துட மாட்டீங்களே?"

"எடுக்க மாட்டோம். பாக்கத்தான் செய்வோம்."

அன்றைக்குப் படுத்தவன்தான். வாரம் இரண்டு நாள் போகிறேன். வயிற்றில் ஜில்லென்று ஒரு களிம்பைப் பிதுக்கி, இஸ்திரிப் பெட்டி போட்ட குட்டி மாதிரி ஒரு கருவியால் தேய்க்கிறார்கள். அது சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறதாம். திரையில் "இதோ கல்லீரல்" என்கிறார்கள். எனக்கு ஆன்டெனா சாய்ந்த டிவி மாதிரிதான் தெரிகிறது. பிள்ளைகள் எல்லாம் பயந்த சுபாவம். "மெதுவாத் தேய்க்காத கண்ணு, கூசுது, நல்லா அழுத்து" என்று நான்தான் பாடம் எடுக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. மெஷின் நெற்றியில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறது: "பயிற்சிக்கு மட்டும். நோயைக் கண்டறிவதற்கு அல்ல. திரையில் தெரிவதைப் படுத்திருப்பவரிடம் சொல்லக் கூடாது." எவனோ அதிகம் படித்த சிடுமூஞ்சி எழுதியிருக்க வேண்டும். என் வயிறு, எனக்கே ரகசியம்!

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
(உத்தியோகம்: வயிறு)


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சிடுமூஞ்சி நான்தான் அப்பா.

மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறேனே. எந்தக் கருவியை யார், எதற்காகப் பயன்படுத்தலாம், அதன்மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் எங்கள் பிரிவு. பயிற்சி மெஷின்களுக்கான வாசகம் நான் எழுதியது. விளையாட்டுக்கு எழுதவில்லை. வேறொரு நிலையத்தில் ஒரு மாணவன், குடலில் இருந்த வெறும் காற்றைப் பார்த்துவிட்டு, படுத்திருந்தவரிடம் "உள்ளே கட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டான். அந்த மனிதர் சோறு இறங்காமல், சொத்தை எல்லாம் எழுதி வைக்கிற அளவுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒன்றுமில்லை. கற்றுக்கொள்கிறவர் வாயிலிருந்து வருகிற அரைகுறைச் செய்தி நோயைவிட மோசம். அதனால்தான் அந்த வரி. நான் எழுதியதில் எனக்கே பிடித்த வரி அது. அச்சில் இருக்கிற என் எழுத்தை நம் வீட்டில் ஒருவர் படித்தது இதுதான் முதல் தடவை, அதுவும் படுத்துக்கொண்டு.

களிம்பு போடுமுன் கொஞ்சம் சூடாக்கச் சொல்லுங்கள். அதற்கு ஏற்பாடு உண்டு.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 29

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாளே டீச்சரம்மாவிடம் பட்டையைக் காட்டி "இது எம் பொண்ணு எழுதினது" என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். களிம்பு அன்றிலிருந்து சூடாக வருகிறது. வாழ்க உன் அலுவலகம்.

நீ சொன்னது நியாயம்தான். அரைகுறையாகத் தெரிந்தவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னைவிட உதாரணம் வேண்டுமா?

இன்னொரு வேடிக்கை கேள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. கொஞ்சம் தேறிய பிள்ளைகள். அவர்களுக்கு என் வயிற்றின்மேல் தனி மரியாதை. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடம் இருக்கிறது. யார் வந்தாலும் அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். சிக்னலில் நிற்கிற வண்டி மாதிரி. படத்தை நிறுத்துகிறார்கள், கோடு போட்டு அளக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், அப்புறம் உன் மஞ்சள் பட்டையைப் பார்க்கிறார்கள். உடனே களிம்பைத் துடைத்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்கிறார்கள். அதுவும் ரொம்ப மரியாதையாக. ஒரு பெண், கண்ணாடி போட்டவள், தன் பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே என் கையில் வைத்துவிட்டுப் போனாள். "அங்க என்ன தெரியுதாம்?" என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். "உங்க பொண்ணு எழுதினதுதான் ஐயா, நாங்க சொல்லக் கூடாது" என்று சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

இந்த வயதில் என் அழகு இப்படி மதிக்கப்படும் என்று நான் நினைக்கவே இல்லை.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று முன்பு ஒரு தடவை போனில் சொன்னாயே, தேவலையா?

அப்பா


ஏப்ரல் 2
(கூரியரில்)

அப்பா,

போனில் கூப்பிட்டேன். ஜோக் அடித்து மழுப்பினீர்கள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும்.

அது உங்கள் அழகு இல்லை. பல பேர் ஒரே இடத்தில் நின்று அளந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. என்ன என்று நான் சொல்ல மாட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் உடம்பின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும்.

"பழைய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுருவான்" என்று சொல்லாதீர்கள். பயந்தால் பயம் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் வாயை நான்தான் கட்டினேன். தெரிந்தே பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போகிற நிலைமைக்கு ஒரு பெண்ணை ஆளாக்கினேன். தப்பாக ஏதாவது நடந்தால் அந்தப் பட்டையை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது?

இதைப் படித்து முடித்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்டையை மாற்றக்கூட வேண்டாம்.

உங்கள் மகள்


ஏப்ரல் 5

அம்மாடி,

சட்டையை மாற்றினேன். அம்மா தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. பயம் என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்: பயம்.

போகாமல்தான் இருந்திருப்பேன். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நேராக நிலையத்துக்குப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்காரி வந்தாள்.

"நீயாவது சொல்லேம்மா. நான் படுத்திருக்கல, உக்காந்திருக்கேன். சட்டம் குறுக்க வராது."

அவள் அழுதுவிட்டாள். "எனக்கு என்னன்னு உறுதியாத் தெரியாது அங்கிள். தப்பாச் சொல்லிடுவேனோன்னுதான் பயம். ஆனா போங்க. இன்னிக்கே போங்க. நானும் வரேன்."

வந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னொரு மெஷின். அதன் நெற்றியில் பட்டை இல்லை. டாக்டர், உன் வயதுதான் இருக்கும், திரையை என் பக்கமே திருப்பிவிட்டார். "ரத்தக்குழாய் ஒரு இடத்துல வீங்கியிருக்கு. புரியுதா?" என்றார். புரியாமலா? டியூபில் ஒரு பக்கம் மட்டும் புடைத்து நிற்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்த மேட்டில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. "இதோட வண்டிய எடுக்காதீங்கன்னு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் டாக்டர்" என்றேன். "அப்ப உங்களையும் திட்டிக்குங்க" என்றார்.

வீக்கம் பெரிதாம். வெட்டிக் கிழிக்க மாட்டார்களாம். தொடை வழியாக விட்டு, உள்ளேயே ஒரு புதுக் குழாயைப் பொருத்துவார்களாம். நம் பாஷையில் சொன்னால் உள் பேட்ச். புதன்கிழமை செய்கிறார்கள். நீ வா. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும்.

அப்பா


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஆபரேஷன் நல்லபடி முடிந்த நிம்மதியோடு ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு என்றால் ஞாயிறு, சேர்த்து விழுங்கக் கூடாது.

அந்த வாசகத்தை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "உங்க அப்பா விஷயம்ங்கிறதால நீங்க இதுல கை வைக்கக் கூடாது" என்றார்கள். சரிதான். வேறொருவர் எழுதினார். என் வரியை எடுக்கவில்லை, கீழே ஒன்று சேர்த்திருக்கிறார்: "ஐயம் எழுந்தால் மறைக்கக் கூடாது. பயிற்றுநர் அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்." நான் எழுதியதைவிட நல்ல வரி. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சொல்லக் கூடாது என்பது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்


ஜூன் 1

அன்புள்ள அம்மாடிக்கு,

டாக்டர் அனுமதியோடு வேலையில் சேர்ந்துவிட்டேன். இப்போது என் வயிறு பாடப்புத்தகம். "இதோ பாருங்க, உள்ள வெச்ச குழாய்" என்று டீச்சரம்மா பெருமையாகக் காட்டுகிறாள். புதுப் பட்டையும் வந்துவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இரண்டாவது வரியை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். கண்ணாடிக்காரிக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

அம்மாடி, படுத்துக் கிடக்கிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம். உன் கடிதங்களை எல்லாம் அடுக்கி வைத்து மறுபடி படித்தேன். நான் எழுதும்போதெல்லாம் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறேன். உன் கடிதம் ஒன்றிலும் அதற்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தாய். இருந்த நாளெல்லாம் உன் போன் ஒரு தடவைகூட ராத்திரியில் அடிக்கவில்லை. எனக்குப் போர்வை போர்த்திவிட்டு ஜன்னல் ஓரம் போய் நிற்பாய். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரே இடத்தில் வந்து வந்து நின்றேன். அப்புறம் களிம்பைத் துடைத்துவிட்டு "தேங்க்ஸ்" சொன்ன பிள்ளைகள் மாதிரி ஜோக் அடித்துக்கொண்டு போய்விட்டேன். தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயம்.

இப்போதுதான் சட்டம் மாறிவிட்டதே. அதனால் கேட்கிறேன். எனக்கு என்னவென்று உறுதியாகத் தெரியாது. நீ அங்கே தனியாகவா இருக்கிறாய்?

அப்பா


ஜூன் 7

அப்பா,

கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது என்றீர்களே.

ம்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஒரு வாரம் லீவு. மீதியை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

உங்கள் அம்மாடி