நீ கூவிய நாடுகள்

என் உள்ளங்கையில் இன்னும் கயிற்று வாசனை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. ஈர நாரும் கப்பல் எண்ணெயும் கலந்த வாசனை. போட்டாதாங் படகுத்துறையிலிருந்து உன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு வரும் அதே மணிலாக் கயிறுதான். கொசுவலைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். "இந்தக் காலத்துல எதையும் எழுதி வைக்காதே, எவன் வந்து எதைப் புரட்டுவான்னு தெரியாது" என்பது அம்மாவின் கட்டளை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது. நீ காய்ச்சலில் போன பிறகு நம் சந்தில் நடந்த முதல் பர்மா சுதந்திர நாள் விளையாட்டு இது.

போன தடவை நினைவிருக்கிறதா? வழுக்குக் கம்பம், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்து, கடைசியில் பெண்களுக்குக் கயிறிழுப்பு. மேல் சந்து ஒரு பக்கம், நம் கீழ் சந்து ஒரு பக்கம். நீ எப்போதும் கயிற்றின் வாலில். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை ஊன்றிக்கொண்டு, கூவிக் கொடுப்பவளும் நீதான். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று கூவுவார்கள். நீ நாடுகளைக் கூவினாய். ஏன் என்று நான் கேட்டதற்குச் சொன்னாய்:

"வெள்ளைக்காரன் நம்ம சனத்தை எங்கேருந்து கப்பல்ல ஏத்தி எங்கெங்க எறக்கினானோ, அந்த ஊரெல்லாம்டீ. எது முதல்ல அவன் கையிலேருந்து கழண்டுச்சோ அது முதல்ல."

இந்தியா, இழு! பர்மா, இழு! இலங்கை, இழு! அதன் பிறகு மலாயா, மொரிசியஸ், பிஜி.

பர்மாவின் சுதந்திர நாளில், நம் நிறத்துப் பெண்கள் நடுத்தெருவில் "இந்தியா" என்று முதல் கூவல் கொடுத்தால் என்ன ஆகும் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. மேல் சந்துப் பர்மாக்காரி மா தீரி கயிற்றைக் கீழே போட்டாள். "இந்தியாவுக்கு இழுக்கிறதா இருந்தா அங்கேயே போய் இழுங்க. உங்களைக் கொண்டுவந்தவன் போய் எத்தனை காலமாச்சு? நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

தெரு சிரித்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு உன் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீயோ சிரித்துக்கொண்டே பர்மிய மொழியில் சொன்னாய்: "கப்பலை ஓட்டினவன் போயிட்டான், மா தீரி. மூட்டை தூக்கினவனும் போயிட்டா நீ சோத்துக்கு என்ன பண்ணுவே?"

சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. மறுபடி இழுத்தோம், தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியில் என் தலையில் தட்டினாய். "பயந்தாங்கொள்ளி, அடுத்த தடவை நீ கூவு."

இன்று நம் சந்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் இல்லை. தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆள் போதாமல் மேல் சந்தையும் கீழ் சந்தையும் ஒன்றாக்கி, அடுத்த தெருவோடு இழுக்கவிட்டார்கள். வால் பக்கம் நிற்க ஒருத்தியும் வரவில்லை. மா தீரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போய் நில்லு. அவ நாடு நாடா கூவுவாளே, அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா அது இந்தியாவுல ஆரம்பிக்கும்."

"எங்கேயாவது ஆரம்பிச்சுத் தொலை. தோத்துடப் போறோம்!"

இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டேன். "இந்தியா!" என்றேன். கீச்சென்றுதான் வந்தது, ஆனாலும் இழுத்தார்கள். "பர்மா!" என்றதும் தெருவே சேர்ந்து கத்தியது. அந்தச் சத்தத்துக்குத்தானோ என்னவோ, சந்து முனையில் ஒரு பச்சை ராணுவ லாரி வந்து நின்றது. அதில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். கைதட்டல் அப்படியே அறுந்துபோனது. மாடியிலிருந்து அம்மா, "விட்டுட்டு உள்ளே வாடீ!" என்று அடிக்குரலில் கூப்பிட்டாள்.

நான் விட்டால் எல்லாம் போய்விடும். முன்னால் மா தீரியின் பிடி தளரவில்லை. அடுத்த தெருக்காரிகளும் விடவில்லை. கயிறு நடுவில் விறைத்து நின்றது. இரண்டு பக்கமும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

"இலங்கை!"

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கத்தினேன், உன்னிடம் என்ன மறைப்பு? "மலாயா!" என்றபோது எதிர்ப்பக்கம் மொத்தமாகச் சரிந்தது. கண்ணைத் திறந்தால் லாரி இல்லை. தெருவெல்லாம் கூச்சல். மா தீரி என்னைத் தூக்கிச் சுற்றினாள். "மொரிசியசும் பிஜியும் இன்னும் மிச்சம்!" என்று அவள் கத்தியபோதுதான் தெரிந்தது, உன் வரிசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

சாப்பிட உட்கார்ந்தபோது என் தொண்டை கட்டிப்போயிருந்தது. அம்மா திட்டி முடித்துவிட்டு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவ்வளவு சத்தம் உனக்குள்ள எங்கடீ இருந்துச்சு?"

அது உன்னுடையது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

"என்னோடதுதாம்மா" என்றேன்.